ஏழு லென்ஸும் பத்தடியும்

தை மாதம் இருபதாம் தேதி விடிந்தபோது ஓடைமுனையில் செத்துப்போனவர்கள் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்கள், உப்பளத்துப் பாத்திகளின் வரப்பிலும், லாரிப் பாதையிலும், வேதக்கோயில் மதிலை ஒட்டியும், பஞ்சாயத்து ஆபீஸ் தண்ணீர்த்தொட்டியின் நிழலிலும், அவரவர் வழக்கமாக உடுத்துகிற உடுப்பில், வழக்கமாகக் கையில் வைத்திருக்கிற சாமானோடு, மண்வெட்டி என்றால் மண்வெட்டி, ஜெபமாலை என்றால் ஜெபமாலை, வாய் மட்டும் திறக்காமல். ஏன் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்களுக்கும் தெரியாது. பாத்திக்குத் தண்ணீர் விடுகிற காலம் அது. கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

முதல் புகார் லாரி டிரைவர் கொடுத்தது. வழியில் நிற்கிறார்கள், ஹார்ன் அடித்தால் நகரமாட்டேன் என்கிறார்கள். மறுநாளே அவர் ஹார்ன் அடிக்காமல் ஓட்டப் பழகிவிட்டார், ஏனென்றால் வண்டி கிட்டே போனதும் அவர்கள் கானல் மாதிரிக் கலைந்துபோனார்கள், வண்டி தாண்டித் தூசி அடங்கியதும் அதே இடத்தில் அதே மண்வெட்டியோடு நின்றார்கள். யாருக்கும் சேதமில்லை. அத்தோடு அந்தப் புகார் முடிந்தது.

செத்தவர் ஒருவர் உயிரோடு இருக்கிற ஒருவருக்காகத்தான் வந்திருந்தார். இரண்டு நாளில் அது விளங்கிவிட்டது. அந்த ஒருவர் நடந்தால் இவரும் நகர்ந்தார், அவர் நின்றால் இவரும் நின்றார், அவர் திரும்பினால் இவரும் அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து நின்றார், நடுவில் இருக்கிற தூரம் மட்டும் ஒரு சாண் கூடவில்லை, ஒரு சாண் குறையவில்லை. கணக்கு டீச்சரின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் கடைத்தெருவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பெண்டாட்டிக்கு நாற்பதடி முன்னால் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர். செத்த பிறகும் டீச்சருக்கு நாற்பதடி முன்னால்தான் நின்றார். டீச்சர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள், முதுகைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள், பழகின முதுகுதானே என்றாள்.

ஊர் என்றால் ஊர்தான். ஒரு வாரத்தில் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனை அடி என்று கேட்க ஆரம்பித்தார்கள். முப்பதடிக்காரர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள், முந்நூறு அடிக்காரர்கள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் தாத்தா எத்தனை அடியில் நிற்கிறார் என்று வாசலில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார்கள். ராசமணி, செல்லமணி என்று இரண்டு சகோதரர்கள். அம்மாவைக் கடைசி மூன்று வருஷம் குளிப்பாட்டி ஊட்டி வைத்துக்கொண்டவன் இளையவன் செல்லமணி. அம்மா வந்து நின்றதோ எட்டிப் பார்க்காத மூத்தவனுக்கு, இருநூற்றுப் பத்தடியில். செல்லமணி கயிறு கொண்டுவந்து அளந்தான். அளந்தால் மாறுமா. அன்றிலிருந்து, சுவர்ச் சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்த அண்ணன் வீட்டுக்கு விடிகாலையில் போய், ஒரு வார்த்தை பேசாமல் அவன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, பாத்திகளுக்கு அப்பால் வெள்ளைச் சேலையில் ஒரு கோடு மாதிரி நிற்கிற அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

அன்னப்பழத்தின் புருஷன் பால்துரை பதினோரு அடியில் நின்றான், கையில் பீடிக்கட்டோடு. அன்னப்பழம் உப்பு வாருகிறவள், ஐம்பது வயது, வாய் நீளம்.

“உசுரோட இருக்கையில ஒரு ராத்திரி வீடு தங்கினானா? இப்ப கக்கூசுக்குப் போனாலும் பதினோரு அடியில நிக்கான்” என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு, அவன் நிற்கிற இடத்தில் வெயில் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

இந்த அடிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. எனக்கு யாரும் வரவில்லை.

நான் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். பேர் பிச்சைக்கனி. யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை, ஸ்டுடியோ அண்ணாச்சி என்பார்கள். என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் ஆள் வராத வீடு என் வீடு ஒன்றுதான். கசாப்புக்கடைக்காரனுக்கு அவனை வளர்த்த மாமா வந்தார். ஊருக்குப் புதிதாக வந்த வி.ஏ.ஓ.வுக்குக்கூட எங்கிருந்தோ ஓர் அத்தை வந்து நின்றாள். எனக்கு இல்லை.

மாசி மாதம் பஞ்சாயத்தில் கூட்டம் போட்டார்கள், அடி விஷயமாகத் தெருச்சண்டை பெருகிவிட்டது என்று. ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நான் எழுந்து, “பத்தடிக்குள்ள வந்தவங்களப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கப்பிடாது, யாருக்கு வந்திருக்காவளோ அவனுக்கு முன்னாலயும் பேசப்பிடாது, பின்னாலயும் பேசப்பிடாது. கிட்ட வந்தது அவனவன் வீட்டு விஷயம். கண்ணு வைக்கதுக்கு ஊரு எதுக்கு?” என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலைவர் எழுந்து நின்று, “அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார், மெதுவான குரலில். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. முதலில் உயர்ந்தது என் கைதான்.

அதிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. பத்தடிக்குள் நிற்பவரைப் பார்த்தால் பார்க்காத மாதிரிப் போவார்கள். குழந்தை கை நீட்டினால் கையைப் பிடித்து இறக்குவார்கள்.

இனி லென்ஸ் கதைக்கு வருகிறேன்.

செல்போனில் அவர்கள் விழவில்லை. எத்தனை விலை போன் ஆனாலும் உப்புதான் விழுந்தது. கண்ணாடியிலும் விழவில்லை, சலூனில் பார்த்தாகிவிட்டது. என் கேமராவில், பழைய லென்ஸ் வழியாக மட்டும் விழுந்தார்கள். ஏன் என்று அதையும் கேட்காதீர்கள். தூரத்தில் நிற்கிற அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கோடாகத் தெரிகிற அப்பாவின் மீசையைப் பார்க்க வேண்டும் என்று ஊர் முழுக்க ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றது. அதுவும் ஒருநாள் படம் இல்லை, அன்றாடப் படம். செத்தவர்கள் மாறுவதில்லை என்று தெரிந்தும், இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், நேற்று எடுத்த படத்தை நேற்றைய படம் என்று தள்ளிவிட்டு இன்றைய படம் வேண்டும். நான் ஒவ்வொரு வீட்டுக்காரன் தோளோடு தோளாக நின்று எடுத்துக் கொடுத்தேன்.

நாற்பது வருஷத்தில் என்னிடம் ஏழு லென்ஸ் சேர்ந்திருந்தன. இருபத்துநாலு, இருபத்தெட்டு, முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து, இருநூறு. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எண் சின்னது என்றால் அகலமாகப் பார்க்கும், எல்லாவற்றையும் தள்ளிவிடும். எண் பெரிதாக ஆக ஆகக் குறுகிப் பார்க்கும், தூரத்தைக் கிட்டே இழுக்கும். ஐம்பது மனுஷன் கண் மாதிரி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஏழையும் தூக்கிக்கொண்டு உப்பளம் முழுக்க நடக்க அறுபத்தெட்டு வயதில் தோள் இடம் கொடுக்கவில்லை. முன்பு பையைத் தூக்கியது தங்கபுஷ்பம். வலது தோளில் பை, இடது கக்கத்தில் வெள்ளைத் தெர்மகோல் பலகை, வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி, அப்படியே எனக்குப் பின்னால் வருவாள். கல்யாணமோ காதுகுத்தோ பாஸ்போர்ட் படமோ, என் இடது தோளுக்குப் பின்னால் ரெண்டடியில் நின்று, எதிரே இருக்கிறவர் முகத்தின் இருண்ட பக்கத்துக்குப் பலகையால் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. தூக்கு என்பேன், தூக்குவாள். இன்னும் தூக்கு என்பேன். பலகைக்குப் பின்னால் அவள் முகம் மறைந்துவிடும். விரல் பிரேமுக்குள்ள வருது, வெளிய போ என்பேன், போவாள். நான் ‘எடுத்தாச்சு’ என்று சொன்னால்தான் பலகையை இறக்குவாள். கல்யாண வீட்டில் ஒருதடவை நான் சொல்ல மறந்து பந்திக்குப் போய்விட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்க்கிறேன், மணவறை காலியாக இருக்கிறது, இவள் பலகையைப் பிடித்தபடி நிற்கிறாள். கோபமில்லை. “எடுத்தாச்சா?” என்று கேட்டாள். “எடுத்தாச்சு” என்றேன். இறக்கிக் கையை உதறினாள்.

அவளைப் படம் எடுக்கவில்லை. நேரமில்லை என்பேன். மாலை போடப் படம் இல்லாமல் ரேஷன் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கித்தான் சுவரில் மாட்டினேன். அது யார் முகம் மாதிரியோ இருந்தது. கழற்றிவிட்டேன்.

ஆகவே ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இருபத்துநாலை முதலில் கழித்தேன். அதில் முந்நூறு அடி அப்பா எறும்பாகிவிடுவார், பார்க்கிறவனுக்கு அது தண்டனை. இருபத்தெட்டும் முப்பத்தைந்தும் அண்ணன் தம்பி, இருவரும் வேண்டாதவற்றை எல்லாம் வீட்டுக்குள் கூட்டிவருகிறவர்கள், இரண்டையும் கழித்தேன். நூற்று முப்பத்தைந்து நல்ல லென்ஸ்தான், கனம் அதிகம். நாலடி முன்னால் நடந்தால் அதன் வேலையை எண்பத்தைந்து செய்யும். மிஞ்சியது ஐம்பது, எண்பத்தைந்து, இருநூறு. நின்று பார்க்க ஒன்று, முகத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. அன்றாடத்துக்கு மனுஷனுக்கு இதற்கு மேல் தேவையில்லை. மற்ற நாலையும் அரிசி டின்னில் போட்டு மூடினேன். உப்புக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். வறுத்த அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் அண்டாது. அமாவாசைக்கு அமாவாசை அரிசியை வறுத்து மாற்றுவதும் தங்கபுஷ்பம்தான். அவள் போன பிறகு மாற்றவில்லை.

விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் எனக்காக ஒரு வேலை செய்தேன். பம்ப்ஷெட் மேலே ஏறி, இருநூறை மாட்டி, வடக்கே இருந்து தெற்கே வரை பாத்தி பாத்தியாகத் தேடினேன். ஏழரை மணிக்குள் தேடி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உப்புத்தரையில் கானல் எழும்பிவிடும், தூரத்து முகங்கள் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளியும். தினமும் தேடினேன். யார் யாரோ நின்றார்கள். கடல் பக்கமாக, இருநூறுக்கும் எட்டாத தொலைவில், புள்ளி புள்ளியாகச் சிலர் நின்றார்கள். அதில் ஒருத்தி அவளாக இருக்கும் என்று முடிவு செய்தேன். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. நாற்பது வருஷம் வெளிய போ, வெளிய போ என்று சொன்னவனுக்கு அவள் எத்தனை அடியில் நிற்பாள்?

ஒருநாள் டீக்கடையில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். “எனக்கு மட்டும் ஒருத்தரும் வரல. வந்தாலும் தூரத்துல நிக்கா போல. இருநூறுக்கு எட்டல.” கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் டம்ளரை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். செல்லமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையை அமுக்கினான். பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்தேன். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மதுரையில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் ஐந்நூறு லென்ஸ் ஒன்று இருந்தது, பீரங்கி மாதிரி. போன் செய்தேன். என்னிடம் உள்ள ஆறைக் கொடுத்தால் அந்த ஒன்றைத் தருவதாகச் சொன்னார். இருநூறும் ஐந்நூறும், இரண்டே லென்ஸ், இரண்டும் தூரத்துக்கு. கடல் பக்கத்துப் புள்ளியைக் கிட்டே இழுத்துவிடலாம். முகத்துக்கு லென்ஸ் இல்லாமல் ஸ்டுடியோ என்னாவது என்று அவரே கேட்டார். “அந்த ரெண்டும் கெட்டுப்போச்சு” என்றேன்.

கெட்டுத்தான் போயிருந்தது. ஐம்பதிலும் எண்பத்தைந்திலும் தையிலிருந்து ஒரு கோளாறு. ஸ்டுடியோவில் வலது பக்கம் ஜன்னல்; பலகை பிடிக்க ஆள் இல்லாததால் படத்தில் இடது கன்னம் இருட்டாகத்தான் விழ வேண்டும், அவள் போன பிறகு இரண்டு வருஷம் அப்படித்தான் விழுந்தது. இப்போது விழவில்லை. எல்லார் இடது கன்னத்திலும் பால் தெளித்த மாதிரி ஒரு வெளிச்சம். கண்ணின் கருவிழியில் வெள்ளையாகச் சதுரமாக ஒரு பொட்டு. லென்ஸின் பூச்சு உரிந்து இடது பக்கம் ஒளி கசிகிறது என்று கணித்தேன். துடைத்தேன், கழற்றிப் பூட்டினேன், ஊதினேன். சரியாகவில்லை. அது போதாதென்று படம் எடுக்க வருகிற ஒருவரும் லென்ஸைப் பார்ப்பதில்லை. எல்லார் பார்வையும் இம்மி விலகி என் இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. திட்டினால் ஒரு நொடி லென்ஸைப் பார்ப்பார்கள், அப்புறம் மறுபடி அங்கேயே போகும்.

புரட்டாசி மாதம், உப்புக்காலம் முடிகிற நேரம். ஆறு லென்ஸையும் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். மதியம் பஸ். பத்து மணி சுமாருக்கு அன்னப்பழம் வந்தாள், நலவாரிய அட்டைக்குப் படம் வேண்டும் என்று. பின்னாலேயே, வாசலுக்கு வெளியே பதினோரு அடியில், பால்துரை பீடிக்கட்டோடு வந்து நின்றான்.

“கடையக் கட்டுதீயளாம்லா, அண்ணாச்சி?”

“கட்டல. லென்ஸ மாத்துதேன். உக்காரு.”

“இந்தாளும் படத்துல விழுந்துருவானா?”

“விழமாட்டான். உனக்குப் பின்னால நீலத்துணி தொங்குது, அவன் வெளிய நிக்கான். உக்காருன்னேன்லா.”

“அட்டையிலயாவது தனியா இருந்துக்கிடுதேன்” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பையை அவிழ்த்து எண்பத்தைந்தை எடுத்து மாட்டினேன். கடைசியாக ஒரு படம். பார்த்தால் அதே கோளாறு. வெயிலில் கறுத்து உப்பில் வெளுத்த அந்த முகத்தின் இடது பக்கத்தில் அதே வெளிச்சம், கண்ணில் அதே சதுரப் பொட்டு, பார்வை அதே தோளுக்குப் பக்கத்தில்.

“லென்ஸப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்க பாக்க? எல்லாரும் என் தோளுக்குப் பின்னாலதான் பாக்கீய. அங்க என்ன, காலண்டரா தொங்குது?”

வாசலில் நின்ற பால்துரையை ஒரு தடவை பார்த்தாள், கையைப் பிசைந்தாள், பிறகு என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பக்கத்தையே பார்த்துச் சொன்னாள்.

“சீக்கிரம் எடுங்க அண்ணாச்சி. மதினிக்குக் கை நடுங்குது.”

“யாருக்கு?”

“ஊரு என்னைய என்ன வேணாலும் பேசட்டும். மதினிக்குத்தான். தை இருபதுல இருந்து உங்களுக்குப் பின்னாலதான் நிக்காவ. வெள்ளப் பலகையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு.”

திரும்பினேன். சுவர் இருந்தது. மறுபடி திரும்பினேன். நீலத்துணியும் ஜன்னலும் அன்னப்பழமும் இருந்தார்கள்.

“நீங்க திரும்பினா அவியளும் திரும்புதாவ. எப்பவும் அப்படித்தானே நிப்பாவ.”

“ஒருத்தனும் சொல்லல.”

“பத்தடிக்குள்ள பேசப்பிடாதுன்னு நீங்கதான சொன்னீய? நாங்க எல்லாரும், அண்ணாச்சி தன் வீட்டம்மாவுக்காகத்தான் சொல்லுதாவன்னு நெனச்சோம். தெரிஞ்சிக்கிட்டேதான் சொல்லுதீயன்னு நெனச்சோம். அப்புறம் டீக்கடையில அப்படிப் பேசினீய. ஒண்ணும் விளங்கல. உங்ககிட்ட யாரு கேக்கது, கடிச்சு வைப்பீய.”

“எத்தன அடி?”

“ரெண்டு இருக்கும். ஊர்ல வேற யாருக்கும் ரெண்டடி கெடையாது.”

ஒரு படம் எடுத்து, கேமராவின் பின்பக்கத் திரையில் அன்னப்பழத்தின் முகத்தைப் பெரிதாக்கினேன். கண், கண்ணுக்குள் கருவிழி, கருவிழிக்குள் வெள்ளைச் சதுரம். இன்னும் பெரிதாக்கினேன். சதுரத்தின் ஓரத்தில் கறுப்பாக நாலு புள்ளி, விரல் விரலாக. கண்ணாடியில் விழாதவர்கள் கண்ணில் விழுவார்கள் போலிருக்கிறது. எட்டு மாதமாக ஊரில் எத்தனை கண்ணைப் படம் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் அந்தப் பொட்டு இருந்தது. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“மூஞ்சி தெரியுதா?”

“பலகைக்குப் பின்னால இருக்கு. முடி மட்டும் தெரியுது. நீங்க தூக்கு தூக்குன்னுதான சொல்லுவீய.”

தங்கபுஷ்பம் இறந்த நாளிலிருந்து, பலகையை இறக்கச் சொல்கிற அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் யாரிடம் சொல்ல? படம் எடுப்பேன், கேமராவை இறக்குவேன், போ என்று கையைக் காட்டுவேன். எட்டு மாதமாக ஒருதடவைகூடச் சொல்லவில்லை.

“எடுத்தாச்சு” என்றேன். குரலை உயர்த்தி மறுபடி சொன்னேன். “எடுத்தாச்சு, புஷ்பம். இறக்கு.”

அன்னப்பழத்தின் இடது கன்னம் இருண்டது. யாரோ கதவை மெதுவாகச் சாத்தின மாதிரி, நெற்றியிலிருந்து தாடை வரை நிழல் இறங்கியது.

“கைய உதறுதாவ” என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பலகைய சுவத்துல சாத்தி வைக்காவ.” அப்புறம் எழுந்து நின்றுவிட்டாள். “போறாவ, அண்ணாச்சி.”

எனக்குப் பின்னாலிருந்து அவள் எனக்கு முன்னால் வந்தாள். அரக்கு நிற நூல்சேலை, ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, பை தூக்கித் தூக்கி இறங்கிய வலது தோள். முதுகுதான். வாசலைத் தாண்டினாள், பால்துரையைத் தாண்டினாள், ரோட்டைத் தாண்டி உப்பளத்து வரப்பில் இறங்கினாள். நான் கேமராவோடு வாசலுக்கு ஓடினேன். எண்பத்தைந்தில் பிரேம் நிறைய இருந்தாள், பிறகு பாதி இருந்தாள், பிறகு கையளவு இருந்தாள். நான் கேமராவை அவள் பக்கம் திருப்பத் திருப்ப அவள் இடது ஓரத்துக்கே விலகி நடந்தாள், படத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று, விரல்கூட வந்துவிடக் கூடாது என்று. எண்பத்தைந்தைக் கழற்றி அன்னப்பழம் கையில் கொடுத்துவிட்டு இருநூறை மாட்டினேன்.

“உள்ள வா” என்று கத்தினேன். “புஷ்பம், பிரேமுக்குள்ள வா.”

அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் அவள் கேட்டதில்லை. நின்றாள். கடைத்தெரு முழுக்க நின்றது. பாத்தியில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவள் இரண்டு எட்டு வலது பக்கமாக எடுத்து வைத்து, நடுவில் வந்து, திரும்பி, தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கையைத் தொங்கவிட்டு, படம் எடுக்க வருகிறவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றாள். பார்த்துப் பழகியவள்தானே.

மணி பத்தரை. கானல் எழும்பிவிட்டது. சேலை தெரிந்தது, கை தெரிந்தது, முகம் மட்டும் நெளிந்துகொண்டே இருந்தது, ஒரு நொடி சேரும், ஒரு நொடி கலையும். சேருகிற நொடிக்காகக் காத்திருந்தேன். விடிகாலையில் அவளை எடுத்திருக்கலாம், நாற்பது வருஷத்தில் எத்தனையோ விடிகாலை. அழுத்தினேன்.

அழுத்தியும் அவள் அங்கேயே நின்றாள். சொல்லாமல் நகரமாட்டாள். நான் சொல்லாவிட்டால் இன்றும் நாளையும் கார்த்திகை மழையிலும் அங்கேயே நிற்பாள், நான் தினமும் ஏழு மணிக்கு வந்து கானல் இல்லாத வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், ஊரில் எல்லாரும் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சொல்லாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்னப்பழம் பக்கத்தில் லென்ஸை மடியில் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

“எடுத்தாச்சு” என்றேன்.

உரக்கச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அது கேட்காது. அவளுக்குக் கேட்டது. இடது கையை ஒருதடவை உதறினாள், திரும்பி நடந்தாள், பம்ப்ஷெட்டைத் தாண்டி, உப்புக் குவியல்களைத் தாண்டி, கடல் பக்கமாக. இருநூறு எட்டுகிற வரைக்கும் பார்த்தேன். அதற்கு மேல் என்னிடம் லென்ஸ் இல்லை.

மதுரைக்கு வேண்டாம் என்று போன் செய்துவிட்டேன். பையில் அதே மூன்றுதான். மற்ற நாலும் அரிசி டின்னில். அமாவாசைக்கு அரிசியை வறுத்து மாற்றுகிறேன். அந்தப் படம் ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறது, முகம் தெளிவில்லை, சேலைதான் தெரிகிறது என்கிறார்கள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலை நடக்கிறது. இப்போது எல்லார் இடது கன்னமும் இருட்டாகத்தான் விழுகிறது. பார்வையைச் சொல்லித் திருத்த வேண்டியதில்லை. வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் நேராக லென்ஸைத்தான் பார்க்கிறார்கள்.